"நம்ம பையன் தட்டறதையே தட்டறதுக்கு 800 ரூவாயா?"

வந்த கடிதம்

கோவைக்குக் கிழக்கே, விசைத்தறி ஓடும் ஊர் ஒன்றிலிருந்து 29 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டை ஒட்டிய கூடத்தில் கணவர் 8 தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். மகனுக்கு ஐந்தரை வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு சொல் வரும், அதுவும் நினைத்தபோது வராது. தறி ஓடும்போது சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அதே நடையில் எவர்சில்வர் போசியைத் தட்டுவான். கரண்ட் போனால் தட்டுவதும் நின்றுவிடும். ஆனால் மாரியம்மன் நோம்பியில் தப்பட்டைச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கும், ஐந்து மாதமாக ஒரு நாள் இசைச் சிகிச்சைக்கும் பஸ்ஸில் கோவை வந்து போகிறார்கள். இசைக்கு 40 நிமிடத்துக்கு 800 ரூபாய். "கண்ணாடி வழியாப் பாக்கறேனுங்க. பையன் டிரம்மைத் தட்டுனா டீச்சரும் தட்டறாங்க, நிறுத்துனா நிறுத்தறாங்க. ஒரு பாட்டு இல்ல, ஒரு ராகம் இல்ல. சில நேரம் சும்மா உக்காந்திருக்காங்க" என்கிறார். தலைப்பில் இருப்பது அவருடைய மாமியார் கேட்டது. இதற்கிடையே கணவரின் சித்தப்பா, எந்த நோய்க்கு எந்த ராகம் என்று ஒரு பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். வேறொரு மையம், 60,000 ரூபாய் முன்பணம் கட்டினால் ஆறு மாதத்தில் பேச வைப்பதாகச் சொல்லியிருக்கிறது.

அவர் கேட்பவை: இப்படிச் சேர்ந்து தட்டுவது சிகிச்சைதானா? ராத்திரி ராகம் போட்டுவிடலாமா? செலவு தாங்காததால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு இசையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது இரண்டுக்கும் பதில் கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிடலாமா? கடைசியாக, கோயிலில் உடுக்கை அடித்துக் கதை பாடும் அப்பாரு, அதாவது பையனின் தாத்தா, "நான் சொல்லித் தரட்டுமா சாமி?" என்று கேட்கிறார். விடலாமா?

பதில்

அன்புள்ள அம்மணி,

உங்கள் அத்தையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கிண்டலாகக் கேட்டாலும் நடப்பதில் பாதியைச் சரியாகப் பிடித்துவிட்டார். பையன் தட்டுவதைத்தான் டீச்சர் தட்டுகிறார். மீதிப் பாதி அதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. அதைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அது எங்கள் தொழிலில் இருக்கிற குறை. நானும் இசைச் சிகிச்சைதான் செய்கிறேன். தொடங்கிய வருடங்களில் எத்தனையோ அம்மாக்களை வெளி பெஞ்சில் காக்க வைத்துவிட்டு, "இன்னைக்கு நல்லாப் பண்ணான்" என்ற ஒரே வரியோடு அனுப்பியிருக்கிறேன். அவர்களும் உங்களைப் போலத்தான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

தறி பதில் சொல்லாது

கரண்ட் போனால் தட்டுவதும் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று தரம் படித்தேன். ஓடுகிற நடையோடு தன் கையைச் சேர்க்க அவனுக்குத் தெரிகிறது. அது நின்றால் கவனிக்கவும் தெரிகிறது. நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான்.

ஆனால் தறி அவனுக்காக மெதுவாக ஓடாது. அவன் ஓர் அடியை விட்டாலும், வேகமாகத் தட்டினாலும் அதற்குக் கவலையில்லை. அடுத்து என்ன வரும் என்று எப்போதும் தெரியும், அதனால்தான் அவனுக்கு அதைப் பிடிக்கிறது. நோம்பித் தப்பட்டை அப்படியில்லை. எப்போது ஏறும், எப்போது நிற்கும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. காதைப் பொத்துவதை வைத்து அவனுக்கு இசை ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோம்பிக்குப் போகும்போது காதடைப்பான் போட்டுவிடுங்கள், தள்ளி நில்லுங்கள், பழகட்டும் என்று பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

டீச்சர் செய்வது என்னவென்றால், தறியின் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறார். முதலில் அவன் நடையிலேயே சேர்ந்து தட்டுகிறார். அவன் அதை நம்பத் தொடங்கியதும் ஓர் அடியைக் கொஞ்சம் தாமதிக்கிறார். இன்னொரு நாள் பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறார். "சும்மா உக்காந்திருக்காங்க" என்றீர்களே, அது இந்தக் காத்திருப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பையன் நிமிர்ந்து பார்த்தாலும் சரி, விட்டுப்போன அடியைத் தானே அடித்தாலும் சரி, ஒரு "ம்" சொன்னாலும் சரி, அன்றைய 40 நிமிடத்துக்கு அதுதான் மகசூல். தறியிடம் அவன் ஒருபோதும் "ம்" என்று கேட்டிருக்க மாட்டான், கேட்டாலும் பதில் வந்திருக்காது.

கைக்குழந்தையாக இருந்தபோது அவன் "ங்கா" என்றால் நீங்களும் "ங்காவா சாமி?" என்று அதே ராகத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருப்பீர்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் கோல்வின் ட்ரெவார்தன் இப்படித் தாயும் சேயும் பேசிக்கொள்வதைப் படமெடுத்து ஆராய்ந்தவர். அதில் முறை வைத்துப் பேசுவதும், தாளமும், ஏற்ற இறக்கமும் இருப்பதைக் காட்டினார். சொல் வருவதற்கு முன்பே உரையாடல் வந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு அந்த இழை சிறு வயதில் சரியாகப் பிடிபடவில்லை. இப்போது டிரம்மை வைத்து அதை மறுபடி பிணைத்துப் பார்க்கிறார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போடுவது உங்கள் வீட்டுக்குத் தெரியாத வேலையா?

இந்த முறைக்கு இம்ப்ரொவைசேஷன் என்று பெயர். முன்கூட்டி எழுதி வைக்காமல், குழந்தை கொடுக்கும் ஒலியிலிருந்து அங்கேயே இசையை உருவாக்குவது. பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்புக் கல்வி ஆசிரியரும் 1959ல் இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்து தொடங்கிய வேலை இதற்கு ஒரு பெரிய வேர். குழந்தை அழுதால் அழுகையின் சுருதியைப் பியானோவில் பிடித்து, அதையே பாட்டாக்கிப் பதில் சொன்னார்கள். கென்னத் புருஷியா என்ற பேராசிரியர் 1987ல் வெளியிட்ட நூலில் இந்த வகைச் சிகிச்சையில் பயன்படும் 64 உத்திகளைப் பிரித்து எழுதினார். நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்த "தட்டுனா தட்டறாங்க" அதில் முதல் படி. டீச்சர் அங்கேயே நின்றுவிட்டால் அது தவறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

"ராகமே இல்லை" என்பதற்கு ஒரு வார்த்தை. நம் கச்சேரியில் மனோதர்மம் என்று சொல்கிறோம் அல்லவா? அங்கே பாடகர் பல வருடம் பயின்ற ராகத்தின் வரம்புக்குள் நின்று கற்பனை செய்கிறார். இங்கே வரம்பு போடுகிறவன் உங்கள் பையன். அவன் போசியைத் தட்டும் நடைதான் அன்றைய ராகம், தாளம் எல்லாம். அவனுக்குச் சங்கீத ஞானம் இருக்கிறதா என்று கவலைப்படத் தேவையில்லை. ஞானம் வேண்டியது டீச்சருக்கு.

அப்படியானால் பலன் உறுதியா?

இல்லை. என் தொழில்தான் என்றாலும் இதை மறைக்க மாட்டேன். உங்கள் பையன் வயதுக் குழந்தைகளை வைத்தே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 9 நாடுகளில் (இந்தியா அதில் இல்லை) 4 முதல் 7 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான உதவிகளோடு இந்த இம்ப்ரொவைசேஷன் முறையும் 5 மாதம் கொடுக்கப்பட்டது. 2017ல் முடிவு வந்தது. ஆட்டிசத்தின் சமூகத் தொடர்பு அறிகுறிகள் இசை பெற்ற குழந்தைகளுக்குக் கூடுதலாகக் குறையவில்லை. எங்களில் பலருக்கு அது கசப்பாக இருந்தது. அளவுகோல் சரியில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. நான் வாதாட மாட்டேன். ஐந்து மாதத்தில் ஆட்டிசம் குறையும் என்று இனி யாரும் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு 2022ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, மொத்தம் 1,165 பேரை, சேர்த்து அலசியது. பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் நன்மை இருக்கக்கூடும், கெடுதல் கூடியதாகத் தெரியவில்லை என்று வந்தது. ஆனால் பேச்சில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் முடிவுகளுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்

இரண்டில் ஒன்றைத்தான் தாங்க முடியும் என்றால், பேச்சுப் பயிற்சியை வைத்துக்கொண்டு இசையை விடுங்கள். இசைச் சிகிச்சையாளரே இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வாரத்துக்கு ஒன்றாக இருக்கும் இசையை மாதம் இரண்டாகக் குறைத்துக்கொள்ளவும் முடியும். டீச்சரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் படம் காட்டிக் கேட்கப் பழக்குவதைப் பற்றியும் பேசுங்கள். படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

கீபோர்டு வகுப்பு வேறு கதை. அங்கே பையன் ஆசிரியர் சொன்னதைத் திருப்பி வாசிக்க வேண்டும். எட்டு வயதில் அவனே ஆசைப்பட்டால் சேர்த்துவிடுங்கள், நல்ல பொழுதுபோக்கு. இப்போதைக்குச் சிகிச்சையின் இடத்தில் அதை வைக்க முடியாது.

ராகப் பட்டியலைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று மருந்துச் சீட்டு போலப் பிரித்துத் தருவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பையனுக்கு ஒரு பாட்டுப் பிடித்து, அதைக் கேட்டால் அமைதியாகிறான் என்றால், படுக்கும் முன் சன்னமாகப் பத்து நிமிடம் போடுங்கள், எந்த ராகமானாலும் சரி. ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டாம். பகலெல்லாம் தறி கேட்ட காதுக்கு இரவாவது ஓய்வு வேண்டும். சித்தப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள், "போட்டுப் பாக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

காதை முதலில் பாருங்கள்

கடிதம் முழுக்கத் தேடினேன், காது கேட்கும் திறனைப் பரிசோதித்ததாக ஒரு வரி இல்லை. செய்திருந்தால் நல்லது. செய்யாமல் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்ய வேண்டும். நாள் முழுக்க 85 டெசிபலைத் தாண்டும் சத்தம் பெரியவர்கள் காதுக்கே கேடு. விசைத்தறிக் கூடத்தில் அது சாதாரணமாகத் தாண்டும். உங்கள் பையன் அந்தச் சுவரிலேயே முதுகை வைத்து உட்கார்கிறான். தவிர, சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினாலும் கொஞ்ச நாள் கேட்பது குறையும். ஆட்டிசத்தோடு காது மந்தமும் சேர்ந்திருந்து, எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் மேல் போட்டுவிட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

சொன்னதற்குப் பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கும் பெரா என்ற பரிசோதனை செய்யலாம். தூங்கும்போது தலையில் சின்ன மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று அளப்பார்கள். வலிக்காது. மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கும், அங்கே கேளுங்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரை இந்தச் சேவை இலவசம். அதுவரை தறி ஓடும் நேரத்தில் அவன் உட்காரும் இடத்தை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். அந்த நடையை அவன் தேடினால், சத்தத்தைக் குறைத்துப் போனில் பதிந்து கொடுங்கள். கூடத்தில் நிற்கும் உங்கள் கணவரும் காதைப் பார்த்துக்கொள்வது நல்லது. நெய்கிறவர்களில் பலர் சத்தமாகப் பேசுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டீச்சரிடம் கேட்க வேண்டியவை

சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. மூன்று கேள்வி போதும்.

எழுதி வைத்த இலக்கு இருக்கிறதா? "நன்றாக வர வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "நான் நிறுத்தினால் பத்து நொடிக்குள் அவன் என்னைப் பார்க்க வேண்டும், ஒரு வகுப்பில் ஐந்து தடவையாவது" என்பது இலக்கு. முன்கூட்டி எழுதாமல் வாசிப்பவருக்கு இலக்கும் எழுதாமல் இருக்க உரிமை கிடையாது.

முதல் மாத வீடியோவையும் இந்த மாத வீடியோவையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா? உங்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் தினம் பார்க்கும் குழந்தையிடம் மாற்றம் கண்ணுக்குப் படாது. வீடியோ பொய் சொல்லாது. எதுவும் மாறவில்லை என்றாலும் பொய் சொல்லாது.

அவன் ஒரே நடையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்கிறீர்கள்? நான் முன்னால் சொன்ன ஆபத்து இதுதான். குழந்தை திரும்பத் திரும்ப ஒன்றையே தட்ட, டீச்சரும் மாதக்கணக்கில் அதையே தட்டினால், இருவரும் சேர்ந்து இன்னொரு தறி ஓட்டுகிறார்கள் என்று பொருள். சேர்ந்துகொண்ட பிறகு மெல்ல மாற்றுவதில்தான் டீச்சரின் திறமை இருக்கிறது. இதற்கு மழுப்பலான பதில் வந்தால், இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குற்ற உணர்வு வேண்டாம்.

60,000 ரூபாய் மையமும் உங்கள் உரிமைகளும்

பேச வைப்பதாக உறுதி கொடுக்கும் எவருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் போன்றோர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கலாம். இசைச் சிகிச்சைக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. எங்கே படித்தீர்கள், யாரிடம் எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் ரசீதையும் உறுதிமொழி வந்த வாட்ஸப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பொய்யான வாக்குறுதி தந்து பணம் வாங்குவதை எதிர்த்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

செலவு தாங்கவில்லை என்கிறீர்களே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டீர்களா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அட்டை இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பேச்சுப் பயிற்சி போன்ற தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். "அட்டை எடுத்தால் பையனுக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். அந்த அட்டையை நீங்கள் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, காப்பீட்டுக்குக் காட்டினால் போதும்.

அப்பாருவின் உடுக்கை

உங்கள் கேள்விகளில் எனக்கு ஆசையாக இருந்தது இதுதான். விடுங்கள், தாராளமாக விடுங்கள், ஆனால் "சொல்லித் தர" வேண்டாம்.

அப்பாருவுக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும், அதற்குப் பெயர்தான் தெரியாது. விடிய விடியக் கதை பாடுகிறவர் எழுதி வைத்தா பாடுகிறார்? கூட்டம் அசந்தால் நடையைக் கூட்டுவார், பெண்கள் கண் கலங்கினால் அந்த இடத்தை இழுப்பார். எதிரே இருக்கும் ஆளைப் பார்த்து வாசிப்பதுதான் எங்கள் வேலையிலும் கஷ்டமான பகுதி. உடுக்கையும் அருமையான கருவி. இடுப்புக் கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். அதனால் பையன் போடும் "ம்", "ஆ" எல்லாவற்றுக்கும் அதே ஏற்ற இறக்கத்தில் பதில் சொல்ல முடியும். என் அறையில் இருக்கும் டிரம்மால் அது முடியாது.

சில கட்டுப்பாடுகள் வேண்டும். தறி நின்ற பிறகு, தினம் பதினைந்து நிமிடம் போதும். பையன் கையில் அவனுடைய போசியே இருக்கட்டும். முதல் அடி அவனுடையதாக இருக்கட்டும், அவன் தொடங்காவிட்டால் அப்பாரு சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அவன் நாலு அடி அடித்தால் இவரும் நாலு அடி, பிறகு நிறுத்தி மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். "அடி சாமி, அடி கண்ணு" என்று ஊக்கப்படுத்தக் கூடாது. பாசமுள்ள பெரியவர்களுக்கு இந்த மௌனம்தான் மிகவும் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பையன் எழுந்து போனால் அன்றைக்கு முடிந்தது, கூப்பிட வேண்டாம்.

கோயிலுக்கு எடுத்துப் போகும் உடுக்கையை இதற்குப் பயன்படுத்துவது அவருக்கு ஒப்புமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். மனசில்லை என்றால் சின்னதாகப் புதிது ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள் விரல் நுனியால் மெல்லத்தான் வாசிக்க வேண்டும், சாமி அழைக்கும் வேகம் வேண்டாம். எவ்வளவு சத்தம் வரை போகலாம் என்பதைப் பெரா முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முடிவு வந்ததும் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.